நகராத மஞ்சள் கார்

அத்தியாயம் மூன்று

கொக்கியின் மனைவி கையில் ஒரு கருங்கல்லோடு எங்கள் ஆபீசுக்குள் நுழைந்தபோது, அடிக்கத்தான் வருகிறாள் என்று நினைத்து நான் மேஜைக்கு அந்தப் பக்கம் போய்விட்டேன்.

“பயப்படாதீங்க தம்பி. இது எனக்கு வந்தது,” என்று கல்லை மேஜைமேல் வைத்தாள். “காலையில ஜன்னல் வழியா உள்ள வந்துச்சு. எங்க தெருக்காரங்க அனுப்பினது.”

மேஜைக்கு அடியில் என் சித்தியின் வலது கால் தரையை ஓங்கி மிதித்தது. துப்பறிய வருவதற்கு முன்னால் சித்தி கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்தினவள். கற்றுக்கொள்கிறவர் தப்புச் செய்தால் பக்கத்து சீட்டிலிருந்து மிதிக்க அவளுக்கென்று தனி பிரேக் இருந்தது. பள்ளியை மூடி எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. கோபம் வந்தால் கால் மட்டும் இன்னும் அந்த பிரேக்கைத் தேடும். என்னை அவள் கூப்பிடும் பெயர் இண்டிகேட்டர். மனதில் நினைப்பதெல்லாம் முன்கூட்டியே என் முகத்தில் எரிந்து அணைகிறதாம். இந்தத் தொழிலுக்கு இதைவிடக் கேடு வேறு கிடையாதாம்.

விஷயம் இதுதான். முந்தாநாள் பொழுது சாயும் நேரத்தில், பள்ளிக்கூட வாசலில் தெருவைக் கடந்த டெய்லர் அக்காவை ஒரு மஞ்சள் ஸ்போர்ட்ஸ் கார் அடித்துப் போட்டுவிட்டு நிற்காமல் போய்விட்டது. ரோட்டில் பிரேக் போட்ட தடம்கூட இல்லை. அந்த நிறத்தில் அப்படியொரு கார் இந்த ஊரில் ஒன்றுதான் இருக்கிறது. அடுக்குமாடி கட்டி விற்கும் கம்பெனியின் சின்ன முதலாளியுடையது. போலீஸ் தேடிப் போனபோது, அந்தக் கார் முன்பக்கம் நொறுங்கிய கோலத்தில் கொக்கியின் ஷெட்டில், கொக்கியின் ரெக்கவரி வண்டி மேலேயே உட்கார்ந்திருந்தது. வழியில் செத்துப்போகும் வண்டிகளை இழுத்துப்போவதுதான் கொக்கியின் பிழைப்பு. பெயரும் அதனால் வந்ததுதான்.

சின்ன முதலாளி போலீசில் சொன்னது: ‘கார் காலையிலேயே செத்துவிட்டது. மத்தியானம் கொக்கியைக் கூப்பிட்டு ஒப்படைத்தேன். அப்போது காரில் ஒரு கீறல்கூட இல்லை. அவன் அதைச் சரிசெய்து, ஆசைக்கு ஒரு சுற்று ஓட்டிப்பார்த்து, ஆளை அடித்துவிட்டு, மறுபடி வண்டியில் ஏற்றி ஒளித்திருக்கிறான்.’ கொக்கி சொன்னது: ‘என்னைக் கூப்பிட்டதே இருட்டின பிறகுதான். எடுக்கும்போதே முன்பக்கம் நொறுங்கித்தான் இருந்தது.’ ஒருவர் பேச்சுக்கு எதிராக இன்னொருவர் பேச்சு. இதில் யார் பேச்சு எடுபடும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

“டெய்லர் அக்கா எனக்குப் பக்கத்து வீடு,” என்றாள் கொக்கியின் மனைவி. அழவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு பேசினாள். “எங்க வீட்டு ஜன்னல் துணிகூட அவங்க தைச்சதுதான். கல்லு அதைக் கிழிச்சிட்டு வந்து விழுந்துச்சு. ஆஸ்பத்திரியில அவங்க இன்னும் கண்ணைத் திறக்கல. போய்ப் பார்க்கலாம்னா அவங்க மகன் வாசல்லயே நிறுத்திட்டான். உன் புருஷன் அடிச்சான், நீ பார்க்க வர்றியான்னு கேக்கறான். இன்னைக்குச் சாயங்காலம் இவரைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோறாங்களாம்.”

“சாயங்காலத்துக்குள்ள ஏதாவது கிடைக்கும்,” என்றாள் சித்தி.

“கிடைக்கலன்னா?”

“கல்லை இங்கயே விட்டுட்டுப் போ. எனக்குத் தேவைப்படும்.”

*

சின்ன முதலாளி குடியிருக்கும் அடுக்குமாடியின் அடித்தள பார்க்கிங்கில் வெயிலும் இல்லை, காற்றும் இல்லை. தூண்கள், தூண்களுக்கு நடுவே கார்கள், தரை முழுக்க நீல பெயிண்ட். வாட்ச்மேன் எங்கள் பின்னாலேயே வந்தான். போலீஸ் அனுமதியோடுதான் வந்திருக்கிறோம் என்று சித்தி சொன்ன பொய்யை அவன் பாதி நம்பியிருந்தான்.

“மஞ்சள் கார் எங்க நின்னுச்சு?”

“இந்தா, இங்கதான். மத்தியானமே எடுத்துட்டுப் போயிட்டாங்க.”

“மத்தியானம்னா? நீ சாப்பிட்டதுக்கு முன்னாடியா, பின்னாடியா?”

“அது... மத்தியானங்க.”

“கேமரா?”

“ரிப்பேருங்க.”

“பணக்காரங்க வீட்டு கேமராவுக்கு மட்டும் எப்படி சித்தி நேரம் பார்த்து உடம்பு சரியில்லாம போகுது?” என்றேன். வாட்ச்மேன் என்னைப் பார்க்காமல் தூணைப் பார்த்தான்.

சித்தி குனிந்து தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கால் வலித்தது. பக்கத்துக் காலி இடத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

“எந்திரிடா,” என்றாள் திரும்பிப் பார்த்து.

எழுந்தேன். என் வெள்ளை பேண்ட்டின் பின்பக்கம் முழுக்க நீலம். மலிவான பெயிண்ட், நாள்பட்டது. தொட்டாலே மாவாக உதிர்ந்து ஒட்டிக்கொள்கிறது. தட்டத் தட்டப் பரவியதே தவிரப் போகவில்லை.

“போச்சு. நேத்துத்தான் தேய்ச்சுப் போட்டது.”

“தட்டாதே. அப்படியே விடு,” என்றவள் மஞ்சள் கார் நின்ற இடத்தைக் காட்டினாள். “அங்க உட்கார்ந்தா ஒட்டுதுல்ல? இங்க கையை வச்சுப் பாரு.”

வைத்தேன். மாவு வரவில்லை. பிசுபிசுவென்று விரல் ஒட்டியது, வாசனையும் அடித்தது. அந்த இடத்துக்கு மட்டும் புதிதாகப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். அந்த இடத்தோடு நிற்கவில்லை. அங்கிருந்து சரிவுப் பாதை தொடங்கும் இடம்வரை, கார் அகலத்துக்கு ஒரு பட்டையாக நீண்டிருந்தது புதுப் பெயிண்ட். மற்ற தரையெல்லாம் பழசு.

“இது எப்ப அடிச்சது?” என்றாள் சித்தி.

“தெரியலைங்க. நான் நேத்து லீவு.”

“நேத்து அடிச்சதுன்னு நாங்க சொல்லலையே.”

வாட்ச்மேனுக்கு வியர்த்தது. “அம்மா, எனக்கு இந்த வேலை ஒண்ணுதான் இருக்கு. என்னை விட்டுடுங்க,” என்றான். அதைக் கேட்டு எனக்கு அவன்மேல் இருந்த கோபம் இடம் மாறி அவனுடைய முதலாளிமேல் போய் உட்கார்ந்தது. ஏற்கெனவே அங்கே நிறைய இருந்தது.

வெளியே வந்ததும் கேட்டேன். “எதை மறைக்கப் பெயிண்ட் அடிச்சிருப்பாங்க? கண்ணாடித் துண்டு, எண்ணெய்க் கறை?”

“கண்ணாடியைக் கூட்டித் தள்ளலாம், எண்ணெயைக் கழுவலாம். கழுவினாப் போகாதது ரப்பர். பூட்டிக் கிடக்கிற டயரைத் தரையில இழுத்தா ரெண்டு கறுப்புக் கோடு விழும்.” சித்தியின் கால் நடைபாதையை மிதித்தது. “ஆட்டோமேட்டிக் வண்டிடா அது. கியரை பார்க்கில போட்டு நிறுத்திட்டா பின்சக்கரம் ரெண்டும் பூட்டிக்கும். பேட்டரி செத்துட்டா கியர் அந்த இடத்தை விட்டு வராது. நீ நாலு பேரைக் கூட்டிவந்து தள்ளினாலும் அசையாது.”

“அப்ப கொக்கி எப்படி எடுத்தான்?”

“நேத்து ஸ்டேஷன்ல போய்ப் பார்த்தப்ப என்கிட்ட என்ன சொன்னான்? சக்கரத்துக்கு அடியில டிராலி வச்சு உருட்டினேன்னான்ல?”

ஆமாம். டிராலி என்பது சின்னச் சின்ன உருளை வைத்த இரும்புப் பலகை. பூட்டிய சக்கரத்தை அதன்மேல் ஏற்றிவிட்டால் டயர் தரையில் தேயாமல் கார் உருண்டு வரும். போலீசிலும் கொக்கி அதையேதான் சொல்லியிருந்தான்.

“டிராலி வச்சா ஏதுடா கோடு?” என்றாள். “நம்ம ஆளே நம்மகிட்ட புளுகியிருக்கான்.”

அவ்வளவு நேரமும் சின்ன முதலாளிமேல் சேர்த்து வைத்திருந்த கோபத்தை இப்போது எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு பொய் சொன்னவன் இன்னொன்றும் சொல்லியிருக்கலாம். ஒருவேளை அவனே ஓட்டியிருந்தால்?

“முகத்தை மூடு,” என்றாள் சித்தி. “இடதுபக்கம் திரும்பப்போறேன்னு இப்பவே எரியுது.”

*

இன்ஸ்பெக்டர் சித்தியிடம் கார் பழகியவர். மூன்று தடவை டெஸ்டில் தோற்றவர். அதனால் எங்களுக்கு நாற்காலி கிடைக்கும். அதற்குமேல் எதுவும் கிடைக்காது.

“மேடம், அஞ்சு நிமிஷம் பேசிக்கங்க. அதுக்குமேல முடியாது. கேஸ் முடிஞ்ச மாதிரிதான்.”

“முடிஞ்ச மாதிரின்னா? ரிவர்ஸ்ல சுவத்துல இடிச்சிட்டு, நிறுத்திட்டேன் மேடம்னு சொல்லுவீங்களே, அந்த மாதிரியா?”

இரண்டு கான்ஸ்டபிள்கள் ஜன்னலுக்கு வெளியே எதையோ அவசரமாகப் பார்த்தார்கள்.

கொக்கி கம்பிக்கு அந்தப் பக்கம் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். அகலமான ஆள், மேலெல்லாம் கிரீஸ். அவன் மனைவி ஓரமாக நின்றிருந்தாள். எங்களுக்கு முன்பே வந்துவிட்டிருக்கிறாள்.

“டிராலி வச்சியா?” என்றாள் சித்தி, வணக்கம்கூடச் சொல்லாமல்.

“வச்சேன் மேடம்.”

“எங்க அந்த டிராலி?”

“வண்டியில.”

“உன் வண்டியைத்தான் போலீஸ் கொண்டுவந்து பின்னாடி முற்றத்துல நிறுத்தியிருக்கே. போய்ப் பார்க்கட்டுமா?”

கொக்கி தலையைத் தொங்கப் போட்டான். “ஷெட்ல இருக்கு,” என்றான் மெதுவாக.

“அப்ப எப்படி ஏத்தினே?”

அவன் மனைவிதான் முன்னால் வந்தாள். “வாயைத் திறந்து சொல்லு. என் வீட்டு ஜன்னல் உடைஞ்சு கிடக்கு.”

“இழுத்தேன்,” என்றான். ஏதோ திருடினேன் என்று சொல்வதுபோல் சொன்னான். “வாட்ச்மேன் நேர்ல வந்து கூப்பிட்டான். பக்கத்துலதானேன்னு டிராலியை எடுக்காமப் போயிட்டேன். போய்ப் பார்த்தா பார்க்கில பூட்டிக் கிடக்கு. கியருக்குப் பக்கத்துல சின்னதா ஒரு மூடி இருக்கும் மேடம், அதைத் திறந்து உள்ள அமுக்கினா கியர் விட்டுக்கும். கதவைத் திறங்கன்னு கேட்டேன். உள்ள கை வைக்கக் கூடாதுன்னுட்டார் சின்ன முதலாளி. சாவியைக் கண்ணுலகூடக் காட்டல. சரி, டிராலி எடுத்துட்டு வர்றேன்னேன். நேரமில்ல, இழுடான்னு கத்தினார். பார்க்கிங்ல தூணுல இடிச்சிட்டேன், அப்பாவுக்குத் தெரியறதுக்குள்ள வண்டி இங்கிருந்து போகணும்னார். என் வண்டியில இருக்கற வின்ச் கம்பியை மாட்டிச் சுத்தவிட்டு இழுத்துட்டேன். டயர் கத்தின கத்து இன்னும் காதுல இருக்கு.”

“இதை ஏன்டா போலீஸ்ல சொல்லல?”

“எப்படி மேடம் சொல்றது?” முதல் தடவையாகக் கொக்கிக்குக் கோபம் வந்தது. “பூட்டின வண்டியைத் தரையோட இழுத்தான்னு ஊருக்குத் தெரிஞ்சா, எவன் என்னை நம்பி வண்டியை விடுவான்? கத்துக்குட்டிகூட அப்படிச் செய்யமாட்டான். நான் இத்தனை வருஷத்துல ஒரு டயரைத் தேய்ச்சதில்ல.”

“ஆளை அடிச்சான்னு சொல்றது பரவாயில்ல, டயரைத் தேய்ச்சான்னு சொன்னாத்தான் கேவலமா?” என்றேன். எனக்கு நிஜமாகவே கை துறுதுறுத்தது.

“அடிச்சது பொய்தானே தம்பி. அது எப்படியும் போயிடும்னு நினைச்சேன்.”

அவன் மனைவி கம்பியை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினாள். கான்ஸ்டபிள் வந்து விலக்கவேண்டியதாயிற்று.

சித்தி மட்டும் சிரித்தாள். கோபத்தின் உச்சியில் அவளுக்கு வரும் சிரிப்பு அது. “இழுத்தியா? நிச்சயமா இழுத்தியா? டிராலி இல்லவே இல்லையே?”

“இல்ல மேடம்.”

“ரொம்ப நல்லது,” என்று எழுந்தாள். “இன்ஸ்பெக்டர், அந்தக் காரை வண்டியிலிருந்து இறக்கிட்டீங்களா?”

“எங்க மேடம். நேத்துலேருந்து பார்க்கறோம். அசையவே மாட்டேங்குது.”

“உங்க கைராசி வாழ்க. சின்ன முதலாளியைக் கூப்பிடுங்க. அவர் இல்லாம அந்தக் காரை யாரும் தொடவேண்டாம்.”

*

சின்ன முதலாளி வெயில் கண்ணாடியைக் கழற்றாமலே முற்றத்துக்கு வந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும். நாற்காலி போடச் சொல்லி இன்ஸ்பெக்டர் ஆள் அனுப்பினார். டெய்லர் அக்காவின் மகன் வெகுநேரமாக ஸ்டேஷன் வாசலில் நின்றுகொண்டிருக்கிறான். அவனுக்கு யாரும் நாற்காலி போடவில்லை. உள்ளே வா என்று சித்திதான் அவனைக் கூப்பிட்டு நிறுத்தினாள். கொக்கியையும் அவன் மனைவியையும் கொண்டுவந்து மறுபக்கம் நிறுத்தினார்கள்.

“இன்னொரு தடவை சொல்லுங்க சார்,” என்றாள் சித்தி, அவளுக்கே பழக்கமில்லாத பணிவோடு. “கொக்கி எடுத்துட்டுப் போறதுக்கு முன்னாடி, காரை வேற யாராவது ஓட்டியிருக்கலாமோ?”

“சான்சே இல்ல. சாவி ஒண்ணுதான். அது என்கிட்டதான் இருக்கும். என் கையில இருந்து நேரா இவன் கைக்குத்தான் போச்சு. என் காரை வேற எவனும் தொடமுடியாது.”

“உங்க டிரைவர்? தம்பி? நண்பர்?”

“யாரையும் தொடவிடமாட்டேன். எத்தனை தடவை சொல்றது?”

“போதும் சார். இன்ஸ்பெக்டர், கேட்டுக்கிட்டீங்கல்ல?”

சித்தி ரெக்கவரி வண்டியின் தட்டையான மேடையில் ஏறினாள். மேடையின் பின் விளிம்பிலிருந்து மஞ்சள் காரின் பின்டயர்கள்வரை இரும்பில் இரண்டு கறுப்புக் கோடுகள் ஓடின. “எத்தனை ஜோடி?” என்றாள்.

“ஒண்ணு,” என்றார் இன்ஸ்பெக்டர்.

அடுத்து ஜாக்கியை எடுத்துக் காரின் பின்பக்கத்துக்கு அடியில் வைத்து அவளே சுற்றினாள். டயர் மேடையை விட்டு ஒரு கையளவு எழும்பியது. டார்ச்சை வாங்கி அடியில் அடித்தாள். “வந்து பாருங்க. நீங்களும் வாங்க சார்.”

மேடையைத் தொட்டுக்கொண்டிருந்த இடத்தில் மட்டும் டயர் சப்பையாகத் தேய்ந்திருந்தது. தேய்ந்த ரப்பர் ஒரு ஓரத்தில் துருவலாகச் சுருண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தத் துருவலுக்குள்ளும், டயரின் பள்ளங்களிலும் நீலமாக ஏதோ அப்பியிருந்தது. அந்த இடம் தவிர டயரில் வேறெங்கும் தேய்மானமோ நீலமோ இல்லை. அடுத்த டயரும் அப்படியே.

“இண்டிகேட்டர், இங்க வா. திரும்பி நில்லு.”

“சித்தி, எல்லாரும் பார்க்கறாங்க.”

“அதுக்குத்தான்.”

திரும்பி நின்றேன். போலீஸ் ஸ்டேஷன் முற்றத்தில், கான்ஸ்டபிள்கள் புடைசூழ, என் பேண்ட்டின் பின்பக்கம் சாட்சி சொன்னது. இன்ஸ்பெக்டர் டார்ச்சை டயரில் அடித்தார், என்மேல் அடித்தார், மறுபடி டயரில் அடித்தார். ஒரே நீலம்.

“இது சார் வீட்டு அடித்தளத்துத் தரை,” என்றாள் சித்தி. “தொட்டா ஒட்டிக்கும். உட்கார்ந்த இவனுக்கே இவ்வளவு ஒட்டியிருக்கு. பூட்டின டயரை அதுமேல இழுத்தா?”

“இழுத்தானா? டிராலின்னானே,” என்றார் இன்ஸ்பெக்டர்.

“புளுகினான். அவன் மானம் அவனுக்கு. இப்ப யோசிங்க. தரையில இழுத்துத் தேய்ஞ்ச அந்த இடம், இன்னும் அடியிலயேதான் இருக்கு. சக்கரம் அதுக்கப்புறம் ஒரு சுத்துகூடச் சுத்தல. இதை ஓட்டிக்கிட்டுப் பள்ளிக்கூடம்வரைக்கும் போயிருந்தா இந்தத் துருவல் நிக்குமா? இந்த நீலம் ஒரே இடத்துல இருக்குமா? ஓட்டிட்டு வந்து மறுபடி ஏத்தியிருந்தா இன்னொரு தேய்மானம், இன்னொரு ஜோடிக் கோடு எங்க?”

இன்ஸ்பெக்டர் மறுபடி குனிந்து டயரைப் பார்த்தார்.

“கார் அடித்தளத்தை விட்டு வந்த பிறகு ஓடவே இல்ல. அப்ப அதுக்கு முன்னாடிதான் ஓடியிருக்கு. அடிச்ச அடியில பேட்டரி போச்சு. எப்படியோ வீடு வந்து சேர்ந்து, பார்க்கில போட்டு நிறுத்தினதோட செத்துப்போச்சு. போலீஸ் வர்றதுக்குள்ள அதை வெளியே அனுப்பணும். அதான் அவ்வளவு அவசரம். டிராலி கொண்டுவர்றேன்னு அவன் சொன்னப்போ விட்டிருந்தா, டயர் அழகா உருண்டு வந்திருக்கும், எனக்கு ஒண்ணும் கிடைச்சிருக்காது. இழுடான்னு கத்தினதும் சார்தான். அந்தக் கோட்டை மறைக்க நேத்துப் பெயிண்ட் அடிச்சதும் சார்தான். போய்ப் பாருங்க, இன்னும் காயல.”

சின்ன முதலாளி கண்ணாடியைக் கழற்றினார். “அப்படியே இருந்தாலும், நான்தான் ஓட்டினேன்னு எப்படிச் சொல்றீங்க? வேற யாராவது எடுத்துட்டுப்...”

பாதியில் நின்றுவிட்டார். முற்றத்தில் இருந்த அத்தனை பேரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“சாவி ஒண்ணுதான்னு நாங்க சொல்லல சார்,” என்றேன் நான்.

இன்ஸ்பெக்டர் நாற்காலியைத் தூக்கிப்போகச் சொன்னார். அந்த ஆளை எனக்கு முதல் தடவையாகப் பிடித்தது.

*

கொக்கியை விடுவதற்கு ஒரு கையெழுத்துத்தான் பாக்கி. டிராலி வைக்காமல், பூட்டிய காரை வின்ச்சால் தரையோடு இழுத்தேன் என்று எழுதிய வாக்குமூலம் அவன் முன்னால் இருந்தது. பேனாவைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தான்.

“சார், இழுத்தேன்னு வேணாமே. ‘எடுத்தேன்’னு போட்டுக்கலாமா?”

“அந்த ஒரு வார்த்தைதான்யா உன்னை வெளியே விடுது,” என்றார் இன்ஸ்பெக்டர்.

அவன் மனைவி எங்கள் ஆபீசில் விட்டுவந்த கல்லைச் சித்தி பையிலிருந்து எடுத்து, வாக்குமூலத்தின் மேல் காற்றுக்குப் பறக்காமல் வைத்தாள். கொக்கி கல்லைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான், கையெழுத்துப் போட்டான்.

வெளியே சின்ன முதலாளியை ஜீப்பில் ஏற்றப்போனார்கள். அவர் போனில் வக்கீலோடு பேசிக்கொண்டே நடந்தார். முகத்தில் பயமில்லை, நேரம் வீணாகிறதே என்ற எரிச்சல்தான் இருந்தது. டெய்லர் அக்காவின் மகன் அவரை நோக்கி ஓரடி வைத்தான். கொக்கியின் மனைவி அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள். அவனும் இந்தத் தடவை கையை உதறவில்லை.

அவளே போய் ஜீப் கதவுக்கு முன்னால் நின்றாள்.

“ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். வக்கீலுக்குச் சொல்லவேணாம், கோர்ட்டுக்குச் சொல்லவேணாம். இந்தப் பிள்ளைக்குச் சொல்லு. அவங்க அம்மா முன்னாடி வந்தப்ப நீ பிரேக்ல கால் வச்சியா?”

சின்ன முதலாளி போனைக் காதிலிருந்து எடுத்தார். வாயைத் திறந்தார். பள்ளிக்கூட வாசல் ரோட்டில் ஒரு தடமும் இல்லாததை நாங்கள் எல்லோரும் பார்த்திருந்தோம். அவர் வாயை மூடிக்கொண்டு ஜீப்பில் ஏறினார்.

என் பக்கத்தில் சித்தியின் வலது கால் தரையை மிதித்தது. மிதித்த கால் எழவில்லை. ஜீப் வாசலைத் தாண்டித் தெருவில் திரும்பும்வரை அவள் அதை அழுத்திக்கொண்டே நின்றாள்.